கம்பளை – நுவரெலியா வீதி: சரிவு கானில் தொடங்குகிறது

பேராதனையில் புறப்படும் ஏ-5 வீதி கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, ஹாலிஎல, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று மலையில் ஏறி இறங்கி, மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் போய் முடிகிறது. மொத்தம் சுமார் 275 கிலோமீற்றர். இந்த ஆய்வு அதில் கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட, 60 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மழை பிடித்தால் அடைபடும் துண்டு இது. அடைபடும் ஒவ்வொரு முறையும் "மலை சரிந்துவிட்டது" என்று சொல்லி, மண்ணை அள்ளித் தள்ளிவிட்டு வாகனத்தை விடுகிறோம். ஆனால் சரிந்த இடத்துக்கு மேலே ஏறிப் பார்த்தால், பல இடங்களில் தூர்ந்துபோன ஒரு கான், அதாவது மழைநீர் வடிகால், இருக்கும். கீழே இறங்கிப் பார்த்தால் வாய் அடைத்துக்கொண்ட ஒரு மதகு இருக்கும். இந்த வீதியின் கதையைத் தண்ணீர் போகும் பாதையிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

வழி

கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நுவரெலியா 1,868 மீற்றர். கம்பளையில் மகாவலியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். புசல்லாவை வரை தேயிலையும் கடைத்தெருவும் மாறி மாறி வரும். எல்பொடை தாண்டினால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரியும். கட்டுகித்துல கழிந்து தவலந்தென்னச் சந்தி. இங்கிருந்துதான் பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்குப் பிரியும் வீதி. ஏ-5 மேலே அடைபட்டால் நுவரெலியாவுக்குச் சுற்றிப்போக உதவும் வழி அது. ஆகவே இந்தச் சந்தியை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து றம்பொடை. 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியின் நடுவே வீதி போகிறது: மேல் அருவி ஒரு பக்கம், கீழ் அருவி மறுபக்கம். இங்கே பாறையைக் குடைந்து போட்ட 225 மீற்றர் சுரங்கம் இருக்கிறது. இந்த வீதியில் பழைய தடத்தை விட்டு விலகி மலையைத் துளைத்தே போக முடிவெடுத்த இடம் அது. அதற்கு மேலே முடக்குக்கு மேல் முடக்காக லபுக்கலை தோட்டங்களின் ஊடாக வீதி ஏறுகிறது. றம்பொடையிலிருந்து உச்சிவரை 800 மீற்றருக்கு மேல் ஏற்றம். மேல் பாதி ஆண்டில் பல மாதம் பனிமூட்டத்துக்குள் கிடக்கும். உச்சியை நெருங்க நெருங்கத் தேயிலை குறைந்து மரக்கறித் தோட்டம் கூடும். தண்ணீர்க் கணக்கில் இந்த மாற்றம் பெரியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

யாருக்காக வெட்டிய வீதி

1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், நுவரெலியாவை நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடல் தேறும் இடமாக்கினார். றம்பொடைக் கணவாய் வழி முதலில் அந்தத் தேவைக்குத்தான். குதிரையும் ஆளும் போகும் பாதை. அதே காலத்தில் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிடத் தொடங்கியிருந்தார். 1841இல் புசல்லாவையில் வோர்ம்ஸ் சகோதரர்கள் ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தார்கள். கோப்பி மூட்டை கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். பொதிமாடு போதவில்லை, வண்டி வேண்டியிருந்தது. தவலந்தென்ன என்ற பெயரிலேயே பழைய ஏற்பாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது: சிங்களத்தில் 'தவலம' என்றால் பொதிமாட்டுக் கூட்டம், 'தென்ன' என்றால் மேட்டுச் சமதரை.

வண்டிமாடு பாரத்தோடு மூச்சு வாங்காமல் ஏற வேண்டுமென்றால் 20 அடி போனால் 1 அடி உயரலாம், அதற்கு மேல் கூடாது. 800 மீற்றர் உயர அந்தச் சரிவில் குறைந்தது 16 கிலோமீற்றர் நீளம் வேண்டும். மலைமுகத்தில் நேராக அவ்வளவு இடம் கிடையாது. அதனால்தான் முடக்குகள். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் இந்த மடிப்புகள் மாட்டின் தோள் வலுவை அளந்து வகுத்தவை.

வகுத்தவர்கள் துரைமார், வெட்டியவர்கள் வேறு. மலைநாட்டு வீதிகள் பலவற்றை அமைத்த தோமஸ் ஸ்கின்னரின் கீழ் இயங்கிய பயனியர் படையில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஆட்களே பெரும்பங்கு. 1848இல் வந்த வீதிச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரியும் ஒரு காரணம். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியதும் தூரத்துப் பாரம் ரயிலுக்குப் போனது. கோப்பி வண்டிக்கு வகுத்த தடம் பிறகு அகலமானது, தாரானது, கார்பட்டானது. ஆனால் தடம் அதே தடம்தான்.

தடத்தோடு வெட்டிய முறையும் அப்படியே இருக்கிறது. மலைப்பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளப்பக்கம் கொட்டி அதன்மேல் பாதி வீதியை உட்கார்த்தியிருக்கிறார்கள். உள்பாதி உறுதியான தரையில், வெளிப்பாதி கொட்டிய மண்ணில். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் வெடிப்பு விழுவது பெரும்பாலும் இந்த இரண்டும் சந்திக்கும் கோட்டில், அதாவது வீதியின் நடுக்கோட்டுக்கு வெளிப்புறத்தில்.

ஒரு மதகின் வாயில்

ஒரு மதகை நெருங்கிப் பார்ப்போம். மலைப்பக்கத்தில் சதுரமாக ஒரு குழி, அதற்குள் வீதிக்குக் குறுக்கே போகும் 600 மில்லிமீற்றர் கொங்கிறீட் குழாய், பள்ளப்பக்கத்தில் தண்ணீர் விழும் வாய். மேலே இரண்டு ஹெக்டயர் தேயிலை மலை இந்தக் குழியை நோக்கிச் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை. விழுந்ததில் பாதி மண்ணில் இறங்கினாலும் மீதி 500 கன மீற்றர் ஓடி வரும். செக்கனுக்கு ஏறத்தாழ 140 லீற்றர். சுத்தமான 600 மில்லிமீற்றர் குழாய், நூற்றுக்கு இரண்டு சரிவில் செக்கனுக்கு 800 லீற்றருக்கு மேல் கடத்தும். குழாய் போதும், தாராளமாகவே போதும்.

பிறகு ஏன் தண்ணீர் வீதிக்கு மேலே ஏறுகிறது? குழியைப் பார்த்தால் தெரியும். அடியில் ஒரு முழம் சேறு. அதன்மேல் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள். குச்சிகளில் சிக்கிய பிளாஸ்டிக் போத்தல், அதைச் சுற்றிய உரப்பை. குழாய் வாயில் பின்னிக் கிடக்கும் இந்தக் கூடு பத்து நிமிடத்தில் குழியை நிரப்பிவிடும். நிரம்பிய தண்ணீர் வீதியைக் கடந்து, அடுத்த மதகுக்குப் போகாமல், வெளிவிளிம்பு தாழ்ந்த இடத்தில் பள்ளத்துக்குள் இறங்கும். அங்கே கீழே இருப்பது அந்தப் பழைய கொட்டிய மண். ஓரத்தை அரித்து, மண்ணை ஊறவைத்து, இரவோடு இரவாக வெளிப்பாதி போய்விடும். காலையில் படம் எடுப்பவர்கள் உடைந்த வீதியை எடுப்பார்கள். குழியை யாரும் எடுப்பதில்லை.

மேலே உள்ள மலை இரண்டு ஹெக்டயருக்குப் பதில் பன்னிரண்டு ஹெக்டயரானால் கணக்கு மாறும். அதே மழையில் 600 மில்லிமீற்றர் குழாய் எல்லையைத் தொட்டுவிடும். இங்கேதான் மலையில் வெட்டும் கான்களின் வேலை. வீதிக்கு மேலே குறுக்கே, மெல்லிய சரிவில் ஓடும் கான்கள் தண்ணீரைப் பிரித்துப் பல மதகுகளுக்குப் பங்கிடும். ஒரு கான் தூர்ந்தால் அதன் பங்கும் சேர்ந்து ஒரே மதகில் வந்து விழும். ஆகவே குழாயைப் பெரிதாக்கக் கேட்கும் முன் மேலே எத்தனை கான் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே முறை.

எண்ணப் போனால் எல்லைப் பிரச்சினை வரும். வீதியும் அதன் ஓரத்தில் வீதிக்கென்று விட்ட ஒதுக்க நிலமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒதுக்கத்துக்கு மேலே உள்ள கான் தோட்டத்துக்குரியது. கான் வெட்டு ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆள் போட்டுச் செய்த வேலை; காலையில் ஆள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கணக்கு எழுதிய வேலை. இன்று ஆள் குறைவு, கொழுந்து வராத வேலைக்குச் செலவிட விருப்பமும் குறைவு. காடாகிப்போன மலைகளில் கான் இருந்த தடமே தெரியாது. வீதிக்காரர் மேலே ஏறி வெட்ட முடியாது, தோட்டக்காரருக்கு வீதி உடைந்தால் நேரடி நட்டம் இல்லை. தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. இரு தரப்பும் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை நடந்து பார்த்துக் கையெழுத்திடும் ஒரு கான் பதிவேடு இருந்தால், இந்த வீதியில் வேறெந்தச் செலவையும் விட அது அதிகம் காப்பாற்றும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மரக்கறித் தோட்டப் பகுதியில் நிலை இன்னும் மோசம். தேயிலை வேர் மண்ணைப் பிடிக்கும். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்தி பிடிக்காது. தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்று பாத்திகளை மேலிருந்து கீழாக இழுத்தால், ஒவ்வொரு வரிசையும் வீதிக் கானுக்கு மண் கொண்டுவரும் வாய்க்காலாகிவிடும். குறுக்கே பாத்தி போட்டு, முனையில் ஒரு மண்தடுப்புக் குழி வெட்டினால் போதும்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகள்

மண் சரிந்து வீதியில் விழுந்ததும் பெக்கோ இயந்திரம் வரும். அவசரத்தில் அந்த மண்ணைப் பள்ளப்பக்கம் தள்ளிவிடுவார்கள். இது இந்த வீதியில் அடிக்கடி நடக்கும், விலை மிகுந்த தவறு. தள்ளிய மண் ஏற்கெனவே தளர்ந்த வெளிச்சரிவில் பாரமாக உட்காரும். கீழே உள்ள மதகு வாயையும் மூடும். அடுத்த மழையில் மேலே விழுந்ததை விடப் பெரிய துண்டு கீழே போகும். மண்ணை டிப்பரில் ஏற்றி முன்கூட்டியே குறித்த சமதரைக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் கூடும், ஒரு நாள் தாமதமாகும். ஆனாலும் அதுதான் வழி.

சரிந்த மேட்டின் அடியை வெட்டி நேராக்குவது இன்னொன்று. அந்த அடிமண்தான் மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வாகனம் போக ஒரு தடம் அளவுக்கு அள்ளி, மேலேயுள்ள தண்ணீரைத் திருப்பிய பிறகே மீதியைத் தொட வேண்டும்.

மூன்றாவது கார்பட். பழைய தாருக்கு மேல் 50 மில்லிமீற்றர் புதிய படை போடும்போது வீதி உயரும், கான் விளிம்பு உயராது. முடக்குகளில் உள்நோக்கிய சாய்வு தட்டையாகிவிட்டால் மழைநீர் மலைப்பக்கக் கானுக்குப் போகாமல் பள்ளப்பக்கம் பாயும். புதிய கார்பட் போட்ட முதல் மழையில் ஒருவர் குடையோடு நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தாங்கு சுவர் கட்டும் இடங்களில் பிழை சுவரில் இருப்பது குறைவு, அதன் முதுகில்தான் அதிகம். கல் நிரப்பிச் சுவராக அடுக்கும் கம்பிவலைக் கூடையான கேபியன் வழமையாக 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம். உள்ளே போடும் கல் வலைக்கண்ணை விடப் பெரிதாக, உடைத்த கூர்முனைக் கல்லாக இருக்க வேண்டும். முதுகில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி வைக்காமல் மண்ணை நிரப்பினால் இரண்டு மழையில் கல் இடுக்கெல்லாம் சேறு ஏறி, கூடை தண்ணீர் விடாத சுவராகிவிடும். கொங்கிறீட் சுவரில் வடிதுளை விட்டிருப்பார்கள். அதில் தண்ணீர் சொட்டாமல் புல் முளைத்திருந்தால் துளை செத்துவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, பழைய சரிவு மண்ணின் மேலேயே சுவருக்கு அத்திவாரம் போடுவது. மலையடியில் கிடப்பது மேலிருந்து உருண்டு வந்து தங்கிய கல்லும் மண்ணும் கலந்த படை. கையால் தட்டினால் கெட்டியாக இருக்கும், ஊறினால் வழுக்கும். அதைத் தாண்டிக் கருங்கல் தட்டும் வரை தோண்ட வேண்டும்.

ஆழமான சரிவுகளுக்குச் சுவர் போதாது. மலைக்குள் 5 முதல் 10 பாகை மேல்நோக்கித் துளைத்துத் துளையிட்ட பீவீசி குழாய் செருகி, உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே வடிப்பார்கள். கம்பி ஆணி அடித்து, வலை போட்டு, கொங்கிறீட் தெளிப்பதும் உண்டு. இதில் வடிகுழாய்தான் முதல் வேலை. ஆணி அடித்த முகம் பார்க்கப் பலமாக இருக்கும். உள்ளே தண்ணீர் அழுத்தம் ஏறினால் அந்த முகத்தையே தள்ளிக்கொண்டு வரும்.

இறக்கத்தில் ஒரு பஸ்

2025 மே 11ஆம் திகதி விடியுமுன், கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கி வந்த பஸ் ஒன்று கொத்மலை, கரண்டிஎல்ல பகுதியில் இந்த வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இருக்கைகளை விடக் கூடுதலான பயணிகள் அதில் இருந்தார்கள். அந்த விபத்துக்கு யார் காரணம் என்பது இந்த ஆய்வின் வேலை அல்ல. இந்த இறக்கம் ஒரு பஸ்ஸிடம் என்ன கேட்கிறது என்பதைச் சொல்லலாம்.

பாரத்தோடு 10 தொன் உள்ள பஸ் 800 மீற்றர் இறங்கும்போது பிரேக்கும் என்ஜினும் சேர்ந்து விழுங்க வேண்டிய சக்தி, 230 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதில் பெரும்பகுதியை என்ஜின் வாங்க வேண்டும். ஏறும்போது எந்த கியரில் ஏறுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய சாரதிகளின் கணக்கு சரியானது. மேல் கியரில் விட்டுப் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் ட்ரம் சூடேறி லைனிங் பிடிமானம் இழக்கும்; கருகிய வாடை வரும்; மிதித்தால் வண்டி வழக்கம்போல் நிற்காது. எயார் பிரேக்கில் விட்டு விட்டு மிதித்தால் டாங்கியில் காற்றும் குறையும். வாடை வந்ததும் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது, ட்ரம் வெடிக்கும். பயணிகளும் "ஏன் நிறுத்தினாய்" என்று சத்தம் போடாமல் இருப்பது உயிருக்கு நல்லது.

தண்ணீர்க் கதை இங்கேயும் வருகிறது. 2021 மார்ச் 20இல் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டைக்கு அருகே பள்ளத்தில் விழுந்து 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்த இடத்தில் மேலிருந்து விழுந்த பாறை அகற்றப்படாமல் வீதியை ஒடுக்கிக்கொண்டிருந்தது. மலைவீதியில் அரை அடி ஒடுங்கினாலும் வெளிச்சக்கரம் கொட்டிய மண்ணுக்குப் போகும். விழுந்த கல்லை அன்றே எடுப்பது போக்குவரத்து வசதிக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

மழைக்கு முன், மழையில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டியபோது மத்திய, ஊவா மாகாணங்களின் மலைவீதிகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் அறுந்தன. ஓரிடத்தில் அறுந்தால் சுற்றிப் போகலாம். றம்பொடைக்குக் கீழே ஒன்று, லபுக்கலைக்கு மேலே ஒன்று என்று அறுந்தால், நடுவிலிருக்கும் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கம்பளை வைத்தியசாலையும் இல்லை, நுவரெலியா வைத்தியசாலையும் இல்லை. இந்த நடுப்பகுதியில் மழைக்கு முன்பே ஒரு பெக்கோவும் எரிபொருளும் நிறுத்திவைக்க வேண்டும். வீதி அறுந்த பிறகு கீழிருந்து இயந்திரம் ஏற முடியாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை 24 மணி நேர மழையை வைத்து வருகிறது: 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு. ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டும். ஒரு ஹெக்டயரில் 100 மில்லிமீற்றர் என்றால் 10 இலட்சம் லீற்றர் தண்ணீர். தோட்டத் தொழிற்சாலைகளில் மழைமானி இருக்கும். அதைக் காலையில் ஒருமுறை மட்டும் வாசிக்காமல், கனமழை நாளில் மூன்று மணிக்கொருமுறை வாசித்து லயத்துக்குச் சொல்லலாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை: வீதியின் வெளிப்பாதியில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே திசையில் சாய்ந்த மின்கம்பமும் மரமும், வழக்கமான ஊற்று திடீரெனக் கலங்குவது, அல்லது கொட்டும் மழையில் வற்றுவது. வெடிப்பைத் தாரால் அடைத்து மறைத்துவிடக்கூடாது. இரு பக்கமும் பெயின்றால் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, திகதியோடு எழுத வேண்டும். தண்ணீர் இறங்காமல் களிமண்ணோ பொலித்தீனோ போடலாம். இரண்டு நாளில் இடைவெளி கூடினால் பாரவண்டியை நிறுத்த வேண்டும்.

கான், குழி, வடிதுளை துப்பரவு தென்மேற்குப் பருவத்துக்காக ஏப்ரல் முடிவதற்குள், இடைப்பருவ மழைக்காக செப்டெம்பர் முடிவதற்குள். அள்ளிய சேற்றைக் கான் கரையிலேயே குவிக்கக்கூடாது, முதல் மழையில் திரும்ப உள்ளே போகும். அடைப்போ சரிவோ கண்டால் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவிக்கலாம். "கோயிலுக்குப் பக்கத்தில், பெரிய முடக்கில்" என்று சொன்னால் இயந்திரம் தேடிக்கொண்டே வரும். மதகின் தலைச்சுவரில் எண் எழுதியிருக்கும்: 45/3 என்றால் 45ஆம் கிலோமீற்றரின் மூன்றாவது மதகு. அந்த எண்ணையும், மண் மலைப்பக்கமா பள்ளப்பக்கமா என்பதையும், ஒரு தடமாவது திறந்திருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். எண் அழிந்திருந்தால், மழைக்கு முந்திய துப்பரவோடு அதையும் திரும்ப எழுதிவிட வேண்டும்.